பதினான்காம் குழாய்

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
பஸ்ஸிலிருந்து என் கேனை இறக்கச் சொல்கிறார்கள்.
பால்கேன் அளவு. மூடியோரம் வெண்புகை.
"எந்தாணு இதில்?"
இலை, என்கிறேன்.
ஸ்பிரிட்டோடு பிடிபட்ட லாரி ஒன்று
புளியமரத்தடியில் டயர் இல்லாமல் நிற்கிறது.
அவர் என்னை நம்புவதற்கு
ஒரு காரணமும் இல்லை.

நிலக்கடலை இலை, சார்.
எருத்தேன்பதியில், கால்வாயின் வால்மடையில்
மயிலாத்தாளின் முக்கால் ஏக்கர்.
பத்தொன்பது நாள் தண்ணீர் காட்டாதீர்கள் என்று
கையெழுத்து வாங்கிக் காயப்போட்ட வயல்.
நஷ்டஈடு நாலாயிரத்து இருநூறு,
இன்னும் பாஸாகவில்லை.

பதினாறாம் நாள் ஆழியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது.
சவரியப்பன் தன் மடையைத் திறந்தார்.
இவள் மண்ணை வெட்டிப் போட்டுத் தன் மடையை அடைத்தாள்.
"வர்ற தண்ணிய வேண்டாம்னு அடைச்சது
எம் பொறப்புலயே இதானுங்க மொதத் தடவ."
திட்டு நீண்டுகொண்டே போனது.
கால்வாயை இல்லை, என்னை.

இன்று பதினொன்றரை மணி.
கணவாய்க் காற்று பனைகளை மேற்கே சீவிக்கொண்டிருந்தது.
செடிகள் சிற்றிலைகளை இரண்டிரண்டாகக் கூப்பி
வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டின.
கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.
உள்ளே வேறு வேலை நடக்கிறது:
வறட்சிக்கென்றே ஊறும் ஓர் அமிலம்
இலைத்துளையின் இரண்டு காவல் செல்களையும் தட்டி
வாயை மூடு என்கிறது.
உட்கருவுக்குள், புரதக் கண்டுகளில் இறுகச் சுற்றிய நூல்
சில இடங்களில் மட்டும் தளர்கிறது.
தளர்ந்த இடம் படியெடுக்கப்படுகிறது,
படிமேல் படியாக,
அவசரத்தில் எழுதிய கடிதங்கள் போல,
யாருக்கென்று முகவரி எழுதக்கூட நேரமில்லாமல்.

அந்தப் படிகளைத்தான் கடத்தி வருகிறேன்.
கிள்ளிய நொடியே திரவ நைட்ரஜனில் முக்கினால்
செடி சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் உறையும்.
உருகினால் போச்சு.
என் விரல் ஈரம் பட்டாலும் போச்சு.

"திறக்கூ."
திறந்தேன். புகை அவர் பூட்ஸை மூடியது.
கையுறை இருக்கிறது என்று சொல்வதற்குள்
கைக்குட்டையால் ஒரு குழாயைப் பிடித்து எடுத்து
வெயிலில் தூக்கிப் பார்த்தார்.
மூடியில் என் எழுத்து: 14.
பத்து, இருபது, எண்ணுகிறேன்.
நாற்பதில் பனி வழிந்து
உள்ளே பச்சை கருத்தது.
"இலயாணு," என்றார் கூட இருந்தவரிடம்,
தானே கண்டுபிடித்தது போல.

பதிவேட்டில் என் பெயர், ஜெனோவா.
பொருள் என்ற இடத்தில் 'இல'.
மலையாளத்தில் அது இலை.
பழந்தமிழில் இல்லாதவை.

கிளம்பும்போது மயிலாத்தாள் சொன்னது
பஸ் நகர்ந்த பிறகுதான் உறைக்கிறது:
"ஒரே ஒரு செடிக்கு மட்டும் மனசு கேக்கலீங்க.
ராத்திரி ஒரு சொம்பு ஊத்திட்டேன்.
எதுன்னு சொல்ல மாட்டேன்,
உங்க மிசினே சொல்லட்டும்."

மிஷின் சொல்லும்தான்.
தண்ணீர் குடித்த செடியில் படியெடுப்பது அடங்கிவிடும்.
ஆனாலும் கண்டின்மேல் ஒரு சிறு வேதிக்குறி
சில நாள் அழியாமல் கிடக்கும்,
அடுத்த வறட்சிக்குச் சீக்கிரம் வாய்மூட.
இருபத்து நான்கில் அடங்கியது எதுவோ
அதுதான் அவள் செடி.

இப்போது இருபத்து மூன்று.
எல்லாமே ஒரே கூச்சலாகக் கேட்டால்
அந்தச் சொம்புத் தண்ணீர் பதினான்கில் இருந்தது.
இல்லை, அவள் ஊற்றவே இல்லை,
என் கணக்கைச் சும்மா கலைத்துப் பார்த்தாள்.
இரண்டில் எது என்று
இனி எந்த மிஷினாலும் பிரிக்க முடியாது.

நோட்டில் எழுதுகிறேன்:
14, உருகியது, சோதனைச் சாவடி, 12.40.
மர ஸ்கேலை உள்ளே விட்டு அளக்கிறேன்.
பதினொரு சென்டிமீட்டர் நைட்ரஜன்.
கோவை வரை தாங்கும்.