பாக்கி முந்நூற்றைம்பது

கண்ணாடிக் கடையிலிருந்து போன் வந்தபோது
மதகின் திருகுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன்.
"செங்கமலம்னு பேரு போட்டிருக்கு சார்.
ரெடியாகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.
கடைய மாத்துறோம். வந்து வாங்கிக்கிட்டீங்கன்னா
பாக்கி முந்நூத்தம்பதுதான்."
வரேம்மா என்றேன்.
விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

போன மார்கழிக்கு முந்தின மார்கழி.
தஞ்சாவூர் மெடிக்கலில் நாலாம் நாள் விடியல்.
ஆம்புலன்சுக்குப் பேரம் பேசியது நான்.
பந்தலுக்கும் நாற்காலிக்கும் கணக்கு முடித்தது நான்.
அவள் தம்பி மண்ணில் விழுந்து புரண்டபோது
தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்ததும்.
பதினாறு முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு
அளவுகோல் பார்த்து நோட்டில் எழுதினேன்:
மூன்று அடி, இரண்டு அங்குலம்.

இறப்புச் சான்று. வாரிசுச் சான்று.
ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம்.
இறந்தவர் என்ன உறவு என்றாள் தாலுகா ஆபீஸ் பெண்.
மனைவி என்றேன், பேனா இரவல் கேட்கிற குரலில்.
"கல்லு மாதிரி நின்னாரு" என்று
ஊரில் பெருமையாகச் சொன்னார்கள்.
ஒரு ராத்திரி நானே என் நெஞ்சைத் தட்டிப் பார்த்தேன்,
சந்தையில் தேங்காயைத் தட்டுவதுபோல.
அவளை அவ்வளவாகப் பிடிக்காமலே
இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டேனோ
என்றுகூட நினைத்தேன்.

பந்தலடியில் கடையைப் பாதி மூட்டை கட்டியிருந்தார்கள்.
ஜன்னத் என்று பேர் குத்திய பெண்
பழுப்புக் கூடு ஒன்றை நீட்டினாள்.
"அவங்களக் கூட்டிட்டு வரலையா சார்?
போட்டுப் பார்த்தா ஃபிட்டிங் சரி பண்ணித் தரலாம்."
வரலை என்றேன்.
அட்வான்ஸ் இருநூறு அவளே கட்டியிருக்கிறாள்.
என்னிடம் சொல்லவில்லை.
இரண்டு வருஷமாய் ஊசியையும் நூலையும்
என் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள்.
நான் உச்சுக்கொட்டிக்கொண்டே கோத்துக் கொடுப்பேன்.

பாமணி ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திப்
போட்டுக்கொண்டேன்.
கைப்பிடிச் சுவர் குழைந்தது. தூரத்து வைக்கோல் லாரி
மஞ்சளாய்க் கரைந்தது.
அவள் கண்ணுக்கு அளந்தது, அப்படித்தான் இருக்கும்
என்று கழற்றினேன்.
கழற்றிய பிறகும்
லாரி கரைந்துகொண்டேயிருந்தது.

அப்போது வந்த சத்தம் எனக்குப் பழக்கமில்லாதது.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளை நிறுத்தி
"பெட்ரோல் தீந்துருச்சா?" என்றான்.
ஆமாம் தம்பி என்றேன்.

பிறகு இருபது நாள்.
உப்பு டப்பாவைத் திறந்தால் வந்தது.
கொசுவலையின் நாலாவது முனையைக் கட்டுகையில் வந்தது.
சுகருக்கும் பிரஷருக்கும் டெஸ்ட் எடுத்தேன். நார்மல்.
கீழ்மதகு அடைக்கலத்திடம் சொன்னபோது
அவன் ஆச்சரியப்படவில்லை.
"எங்கம்மா செத்து மூணாம் வருசம் வந்துச்சு,
டிராக்டர் டயருக்குக் காத்து அடிக்கையில.
வந்தா உக்காந்துக்க.
நின்னுக்கிட்டு அழுதா கிறுகிறுத்துரும்."

மேட்டூர் திறந்தார்கள்.
முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடையிலிருந்து
வருஷா வருஷம் வரும் அதே குரல்:
"தொறந்தாச்சுன்னாங்களே, தண்ணி எங்க?"
வருஷா வருஷம் நான் சொல்லும் அதே பதில்:
"தொறந்து நாளாச்சுங்க. வழியில இருக்கு."
இந்தத் தடவை பாதியில் நின்றுவிட்டது.
ஹலோ, ஹலோ என்றார்.
மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று ராத்திரி காக்கிச் சட்டையை எடுத்தேன்.
மூன்று பொத்தான் இல்லை.
அவள் கண்ணாடியில் தூரமெல்லாம் புகை,
ஊசிக்கண் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.
நாலாவது தடவை நூல் நுழைந்தது.
இரண்டு பொத்தான் தைத்தேன்.
மூன்றாவதை
நாளைக்கு வைத்திருக்கிறேன்.