பென்சில் நுழையும் இடம்

பென்சில் நுழைந்தால் சுண்டெலி நுழையும் என்றான் ஓரெஸ்ட்,
காதில் செருகியிருந்த மஞ்சள் பென்சிலை எடுத்து
என் வண்டியின் அடிவயிற்றில் குத்திக் காட்டியபடி.
பாதிவரை போய் இறுகிக்கொண்டது.
அதைப் பிடுங்க மறந்து
அறுவடை இயந்திரத்துக்குப் பெல்ட் வாங்கப் போய்விட்டான்.

சஸ்காட்செவன், அக்டோபர் மூன்றாம் வாரம்.
கனோலா அறுத்த தாள்கட்டைமேல்
காற்று படுத்துப் புரள்கிறது.
வயலில் இனி ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டவை எல்லாம்
என் பக்கம் திரும்பிப் பார்க்கிற மாதம்.

முட்டை வடிவ வண்டி, பதின்மூன்றே அடி.
காரின் பின்னால் கட்டி இழுத்தால்
ஏரிக்கரைவரை முனகாமல் வரும்.
விவாகரத்துக்குப் பிறகு நான் வாங்கிய முதல் பொருள்.
இரண்டாவது, அதற்கொரு பூட்டு.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம்.
துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாளைப் பரப்பச் சொன்னாள்
தபால் நிலையத்து லவோன்.
போன குளிருக்கு இருபது தாள் பரப்பினேன்.
ஏப்ரலில் திறந்தால், அத்தனையையும்
நார் நாராய்க் கிழித்து மெத்தை போட்டு
மணக்க மணக்கப் பிள்ளை பெற்றிருந்தது ஒன்று.
முகமூடி கட்டி, மருந்து நீர் தெளித்து
மூன்று நாள் துடைத்தேன்.
அதற்கு முந்தைய வருடம் அந்துருண்டை.
எலி போகவில்லை;
ஜூலை முழுக்க நான்தான் வெளியே படுத்தேன்.

இந்த வருடம் யாரையும் கேட்கவில்லை.
இருட்டியதும் உள்ளே பெரிய விளக்கொன்றை ஏற்றி
கதவைச் சாத்தினேன்.
அட்டை விரித்து மல்லாந்து
வண்டிக்கடியில் ஊர்ந்தேன்.

அடேயப்பா, எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என் வெளிச்சம்!
எரிவாயுக் குழாயைச் சுற்றி ஒரு பிறை.
மின்கம்பி நுழையும் மூலையில் ஒரு நூல்.
சக்கர வளைவில், முன்பு வைத்திருந்த எவனோ
துளைத்துவிட்டு மனம் மாறிய நான்கு புள்ளிகள்.
பதினேழு எண்ணினேன்.
பதினேழிலும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து
திருப்புளியால் இடித்து
மேலே பசை பூசப் பூச
ஒவ்வொன்றாய் அவிந்தது.
கடைசியும் அவிந்தபோது
உள்ளே விளக்கு எரிகிறதா இல்லையா
எனக்கே தெரியவில்லை.

உனக்குள் என்ன ஓடுகிறதென்று
ஒருத்தனுக்கும் பிடிபடாது என்பான் டெல்பர்ட்,
கடைசி வருடங்களில், குற்றமாய்.
அன்றிரவு எழுந்து முதுகு தட்டிக்கொண்டபோது
அது பாராட்டாகத்தான் கேட்டது.

ஜனவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
கூரைப் பனியை வழிக்கப் போனேன்.
வண்டிக்கடியிலிருந்து
வேலி மரங்களை நோக்கி ஒரு தடம்:
நான்கு புள்ளி, நடுவே வால் இழுத்த கோடு.
போன தடம் மட்டும்.
வந்த தடத்தைத் தேடி
வண்டியை இரண்டு முறை சுற்றினேன்.

குனிந்து பார்த்தேன்.
பனிமேல் மஞ்சள் சிராய், கரித்தூள்,
விரல் நீளம் பென்சில்,
அதன் ஒரு முனையில் பல் கொத்திய வரிகள்.
பென்சில் இருந்த துளையில் வெளிச்சம் ஒழுகவில்லை;
நானும் எண்ணவில்லை.

உள்ளே அடுப்புக் கையுறைக்குள் ஒரு கூடு.
பிறந்தநாள் மெழுகுவத்தி ஏழும் திரி மட்டும்.
சோப்பில் பாதி.
நான் கவனமாக, ஒன்று விடாமல்
அதை வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

எலி வளையானாலும் தனி வளை என்று
சொல்லி வைத்தவர்கள் யாரும்
அதற்குள் டிசம்பரைக் கழித்திருக்க மாட்டார்கள்.

பென்சிலை ஓரெஸ்டிடம் கொடுத்தேன்.
திருப்பிப் பார்த்தான்,
இன்னும் எழுதும் என்று காதில் செருகிக்கொண்டான்.

பதினெட்டாவதை அடைக்க
கம்பி நாரோடு திரும்பி வந்தவள்,
கேட்க ஆளில்லாத வயல்வெளியில்
என் வண்டியின் கதவை நானே தட்டினேன்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு இன்னொரு முறை தட்டினேன்.