மூன்று கிலோவாட்

ஒப்பந்தத்தில் இருப்பது மூன்று கிலோவாட்.
அதற்கு மேல் கொஞ்சம் கொசுறும் உண்டு.
கொசுறையும் தின்று தீர்த்தால்
டக்.

மீட்டர் தரைத்தளத்தில்,
தபால் பெட்டிகளுக்குப் பின்னால்.
நாங்கள் ஐந்தாம் மாடியில்.
தொண்ணூற்று நான்கு படிகள்.
லிஃப்ட் வைக்க இடமில்லை என்று
கட்டடத்துக் கூட்டத்தில் ஆண்டுதோறும் முடிவெடுக்கிறோம்.

திரியெஸ்தேயில் போரா காற்று
கடலிலிருந்து வருவதில்லை,
மலையிலிருந்து இறங்கிக் கடலை அடிக்கப் போகிறது.
போகிற வழியில் எங்கள் ஜன்னல்.

ஹீட்டர் இரண்டாயிரம் வாட்.
மிர்த்தா தன் கணினியில்
ஒரு நரியின் ரோமத்தை அசைய வைக்க
இரவெல்லாம் அறுநூறு.
ஃபுல்வியோவின் வால்வு ஆம்ப்ளிஃபயர் முந்நூறு,
அதில் இசையாவது சொற்பம்,
மிச்சமெல்லாம் சூடு.
"அதுவும் ஒரு ஹீட்டர்தானே" என்பார்.

இதற்கு நடுவே நான் அவனில் கேக் வைத்தால்
டக்.
மிர்த்தா தலையைத் துவட்டிக்கொண்டே
ஹேர் டிரையரைத் தொட்டால்
டக்.
கடைசியாகச் சுவிட்சைப் போட்டவர் இறங்க வேண்டும்,
இது வீட்டுச் சட்டம்.
கடைசி இறகின்மேல் பழி போடுவது எளிது.
துறைமுகத்தில் நாள் முழுக்கக் காப்பி மூட்டைகளை எண்ணிவிட்டு
வீட்டுக்கு வந்து வாட் எண்ணுகிறவள் நான்.
அதிகம் இறங்கியவளும் நானே.

ஆகவே தேறினோம்.
துணி துவைத்தால் அவன் கிடையாது.
அவன் எரிந்தால் இஸ்திரி கிடையாது.
குளிர்சாதனப் பெட்டி எப்போது உறுமும் என்பதுகூட
எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரியில் ஓர் இரவு.
சமையலறை முழுக்க அணைத்தாயிற்று.
ஹீட்டர், கணினி, ஆம்ப்ளிஃபயர்,
மூன்றும் ஒரே நீளப் பலகையில்,
பலகை, சோபாவுக்குப் பின்னால் இருந்த ஒற்றைப் பிளக்கில்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
கணக்குச் சரி.
மீட்டர் வாயே திறக்கவில்லை.
எங்களுக்குப் பெருமை.

"கீழே யாரோ சார்தீன் பொரிக்கிறார்கள்"
என்றார் ஃபுல்வியோ.

இரவு பதினொன்றரைக்கா?

மிர்த்தா காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்தாள்.
மூன்று மூக்குகளும் சோபாவின் பக்கம் திரும்பின.

என்னிடம் யாரும் கேட்கவில்லை.
வாசலருகே இருக்கும் பெரிய சுவிட்சைக் கீழே தள்ளினேன்.
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக
நானே வீட்டை இருட்டாக்கினேன்.
இசை ஒரு மூச்சு நேரம் தயங்கி நின்றது.
நரி பாதி ரோமத்தோடு போயிற்று.

சோபாவை இழுத்தோம்.
தடித்த கால்களை மெல்லிய துளைக்குள் நுழைப்பதற்காக
சந்தையில் இரண்டு யூரோவுக்கு வாங்கிய அடாப்டர்
ரொட்டி மாவு மாதிரி இளகியிருந்தது.
சுவரில் பழுப்பாய் ஓர் ஆப்பம்.
டார்ச் வெளிச்சத்தில் அதன் முதுகைப் படித்தோம்:
பத்து ஆம்பியர்.
நாங்கள் அதனிடம் கேட்டிருந்தது
ஏறக்குறைய பதின்மூன்று.
அது இல்லையென்று சொல்லாமல்
வெந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஒந்தீனா வந்தாள், ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்தபடி.
கருகியதைச் சுரண்டினாள்.
"மீட்டர் கம்பெனிக்காரன் கணக்கைப் பார்க்கும்.
இந்தத் துளையின் கணக்கை யார் பார்த்தது?"
ஹீட்டருக்குப் பெட்டியிலிருந்து தனி வயர்,
தனியாக ஒரு பெரிய பிளக்,
இடையில் எந்தப் பலகையும் இல்லாமல்.
தொண்ணூறு யூரோ, ஒரு காப்பி.
அடாப்டரைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.
எங்களிடம் விட்டுவைக்க அவளுக்கு மனமில்லை.

இப்போதும் சில இரவுகளில் டக்.
போராவின் இரைச்சல் மட்டும் மிச்சம்.
இருட்டில் மூவரும் பேசாமல்
மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறோம்.

வாடை இல்லை.

அதற்குப் பிறகுதான் சண்டை,
யார் இறங்குவது என்று.