பத்துக்கு எட்டு

செந்தூல் அடுக்ககம், பதினோராவது மாடி.
முகம் செய்துகொள்ளச் சொன்னது விளையாட்டு.
நிறக்கோட்டை வலது ஓரம்வரை இழுத்தேன்;
என் மணிக்கட்டுக்கு எட்டாமலே நின்றுவிட்டது.

மூன்றாம் கட்டத்தில்
என் நிறத்திலேயே ஒருவன் வந்தான்.
பெயரில்லை. கையில் பாராங்.
சுட்டால் ஐம்பது புள்ளி.
சுட்டேன்.
முடிக்காமல் எப்படி விமர்சனம் எழுதுவது?

பத்திரிகை ஆசிரியர் ஹோ வாசித்தார்:
"இந்தப் பத்தி சூடு, யுகேன். ஆறவை."
தே தாரிக்கைப்போல்
இழுத்திழுத்து ஆற்றினேன்.
கடைசியில் மிஞ்சியது:
'சிலருக்கு நெருடலாம்.'
மதிப்பெண் மாறவில்லை. பத்துக்கு எட்டு.

இரவு இரண்டரை. குழு ஆட்டம்.
தோட்டா தீர்ந்து நான் தடுமாறியபோது
ஹெட்செட்டில் மீசை முளைக்காத குரல் ஒன்று
வெகு இயல்பாய்
"கெலிங்" என்றது. சிரித்தது.

மைக்கை அணைத்துவிட்டு
அந்தச் 'சிலர்'
எழுந்துபோய் முகம் கழுவினார்.