சலவைக் குறி

விமானம் வந்தபோது யாரும் ஓடவில்லை.
சூலியா வீதியில் புருவத்தில் கைவைத்து
எண்ணிக்கொண்டு நின்றது பினாங்கு.
நம்மவன்தான் என்றாராம் கிராணி சவரிநாதன்.
இருபதுவரை எண்ணியிருப்பார்.

மறுநாள் முனிசிபல் லாரிக்காரன்
வண்ணாந்துறைக்கு என்னைத் தேடி வந்தான்.
முகம் பார்த்துச் சொல்ல முடியாதவர்களைச்
சட்டைக் காலர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

குனிந்தேன். ஒவ்வொரு காலராகத் திருப்பினேன்.
வெள்ளாவியில் வைத்தாலும் போகாத சேங்கொட்டை மை
இரத்தத்துக்கு அடியிலும் தெரிந்தது.
இரண்டு புள்ளி, மேலே கோடு:
நைனா முகம்மது வீட்டு மூத்த பையன்.
பிறைபோல வளைவு:
காப்பிக்கடை ஆ லியோங். வாரம் ஆறு உருப்படி,
அரை வெள்ளி பாக்கி.
பெருக்கல் குறி:
சவரிநாதன். கஞ்சி மொடமொடவென்று நிற்க வேண்டும் அவருக்கு.

குறியே இல்லாமல் ஒரு சின்னச் சட்டை.
இது யார் வீட்டுது என்றான் லாரிக்காரன்.
இரண்டாம் பித்தான் நீல நூலில் தைத்திருந்தது.
அன்றைக்கு வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது.

சண்டை முடிந்து திரும்பி வந்த துரை
மொத்தம் எத்தனை பேர் என்று
காகிதத்தோடு உட்கார்ந்தான்.
எனக்குத் தொகை தெரியாது, துரை.
யாருக்கு எவ்வளவு கஞ்சி, எவன் காலர் முதலில் நையும்,
எந்தப் பையில் மறந்த சில்லறை கிடக்கும்,
அதைக் கேள், பொழுது சாயும்வரை சொல்கிறேன்.
அவன் பேனாவை மூடிவிட்டான்.

வண்ணான் தன் வீட்டுத் துணிக்குக்
குறி போடுவதில்லை.
நான் இப்போது போடுகிறேன்.