வண்டி நிழல்

மொம்பாசாவில் எங்கள் கப்பல் பதினோரு நாள் நின்றது.
எஞ்சினில் ஏதோ கோளாறு. வெல்டருக்கு அதில் வேலையில்லை.
ஒன்பதாம் நாள் ஆறு பேர் காசு போட்டு
கூரை திறக்கிற வேன் ஒன்று பிடித்தோம்.
டிரைவர் பேர் முட்டுவா.
முத்து என்று கூப்பிட்டேன்.
திரும்பிப் பார்த்தான். அதுவே நிலைத்தது.

முதலில் யானை.
கறுப்பில்லை, சாம்பலில்லை,
செம்மண்ணில் புரண்டெழுந்த சிவப்பு.
இருபது வருசம் கப்பல் வயிற்றில் நான் பார்த்த சிவப்பு.
துரு தட்டி, ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்து
காயவிட்ட மாதிரி
ஒரு குடும்பமே நடந்து போனது.
அடுத்த கோட் யார் அடிப்பாங்க என்று
எபினேசரைக் கேட்டேன்.
"கம்முனு கெடடா" என்றான்.
கண்ணில் தண்ணீர் அவனுக்கு.
எதற்கென்று இன்றுவரை சொல்லவில்லை.

என் போன் ஒட்டகச்சிவிங்கியோடு செத்தது.
கழுத்து மட்டும் விழுந்திருந்தது,
தலையுமில்லை உடம்புமில்லை.

ரெண்டரை மணி வெயில்.
கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லை.
முத்து எஞ்சினை அணைத்து
ஒரு விரல் தூக்கினான். மூச்சு விடாதே.
புல் பிரிந்தது.
பெண் சிங்கம்.
ரேஷன் கடைக்குப் போகிறவள் நடை,
கோபமுமில்லை அவசரமுமில்லை.
எங்களை நோக்கித்தான் வருகிறது என்று
கைப்பிடிக் கம்பி வழுக்க வியர்த்தேன்.
அது வந்தது
வண்டியின் இடப்பக்கம் விழுந்து கிடந்த
மூன்றடி நிழலுக்கு.

பொத்தென்று படுத்தது.
முதுகை டயரில் சாய்த்தபோது
வேன் லேசாய் ஆடியது.
என் ஜன்னலுக்கு நேர் கீழே.

காதுமடலில் உண்ணி, மூன்று.
கண்ணோரம் ஈக்கள், விரட்டவில்லை.
மூக்கில் ஆறிப்போன கீறல்.
ஐஸ் உருகி ஓடுகிற காசிமேட்டுத் தரையும்
நனைந்த சாக்கும் கலந்த வாடை.
முன்னங்காலை நீட்டி மல்லாத்தியது.
உள்ளங்காலெல்லாம் வெடிப்பு.
அந்த வெடிப்பை எனக்குத் தெரியும்.
எங்கே பார்த்தேன் என்று
அப்போது ஞாபகம் வரவில்லை.

நாற்பது நிமிடம்.
முதல் பத்து நிமிடம் பயந்தேன்.
பிறகு பயமும் அலுத்துவிட்டது.
கால் மரத்தது. ஒன்றுக்கு வந்தது.
நிழல் நகர்ந்தது, கூடவே கொஞ்சம் நகர்ந்தது.
பிறகு எழுந்து, உடம்பை நீட்டி முறித்து,
வந்த வழியே போனது.

கல்மண்டபம் டீக்கடையில் கேட்டார்கள்.
உறுமிச்சா? மானை அடிச்சுதா? ரத்தம் பாத்தியா?
போட்டோ எங்க?
கழுத்தைக் காட்டினேன்.
"த பார்ரா, இது நம்ம ஹார்பர் கிரேனு" என்றான் நூர்தீன்.
ஒரு மாசம் என் பேர் கிரேன்.

அதன் பிறகு நானும் உறும வைத்தேன்.
மானை அடிக்க வைத்தேன்.
கேட்கிற பிள்ளைகளைப் பார்த்து எண்ணிக்கை ஏறும்.
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி முடியவே முடியாத ஒரு சாயங்காலம்
பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கு
ஐந்து சிங்கம் கொடுத்தேன்.
கேட் திறந்திருக்காவிட்டால் ஆறாகியிருக்கும்.

அமலோற்பவம் ஒன்றும் கேட்கவில்லை.
மீன் வெட்டி வந்த கையை
எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவுவாள்.
கடல் சாமான் போல என் கதைகள்
வீட்டில் ஒரு மூலையில் கிடந்தன.

நேற்று கரண்ட் போன நேரம்
குதிகாலுக்கு வேசலின் தடவிக்கொண்டே கேட்டாள்:
"அது உன்னப் பாத்துச்சா?"

இல்ல.

"ஒருவாட்டி கூட?"

எழுந்து போறப்பகூட இல்ல.

செல்போன் வெளிச்சத்தில்
அவள் கை கொஞ்ச நேரம் நின்றது.
"குட்த்து வெச்சது" என்றாள்.

யார் என்று கேட்கவில்லை நான்.
அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.
காதுல மூணு உண்ணி இருந்துச்சு என்றேன்.

"எட்த்து உட்ருக்கலாம்ல" என்றாள்.