போன வாரம்

ஸ்டான்லியில் இரவுப் பணி.
ரத்தக் குழாய்களில் ஒட்டிய எண்கள்
இன்னும் கண்ணுக்குள் ஓட
ஷேர் ஆட்டோவில் பெரம்பூர் வந்து இறங்கினேன்.
"கொன்றை கொட்டுது, வந்து பாரேன்" என்று
கௌதமி கூப்பிட்டது சித்திரையில்.
சித்திரை முழுக்க மாமனார் ஐ.சி.யூ.வில்.

பஞ்சர் கடைக்கும்
வாடகை அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கும் கொட்டகைக்கும் நடுவில்
விகாரையின் பச்சைக் கேட்.
பூட்டில்லை. நைலான் கயிறு.

காக்கிச் சட்டையில் பெருக்கிக்கொண்டிருந்தார்
சாக்கியராசு. கேரேஜ் ஒர்க்ஸில் முதல் ஷிப்ட்.
"பூ பார்க்கவா?
போன வாரம் வந்திருக்கணும்."

மரம் நிறைய நீள நீளக் காய்கள்.
மஞ்சள் மொத்தமும்
ஒரு சிமெண்டுச் சாக்கில்.

சுவரோரம் நாகலிங்கம்
அடிமரத்திலேயே பூத்திருந்தது, கிளைவரை போகப் பொறுமையில்லாமல்.
உதிர்ந்த ஒன்றை எடுத்தேன்.
எங்கள் தெருவில் இதை, நாகம் குடைபிடிக்கும் லிங்கம் என்பார்கள்.
நடுவில் இருப்பது தூபி,
சுற்றிக் குந்தியிருப்பது சங்கம் என்பாள் கௌதமி.
ஹெட்போன் மாட்டின மண்டை என்பான் அவள் பையன்.
விரலில் மகரந்தம் ஒட்டியது.
ஆய்வுக்கூடப் பழக்கம்,
கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே பர்மாவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைச் சலவைக்கல்.
மின்விசிறி இரண்டில் ஒன்றுதான் சுற்றியது.
கும்பிடத் தெரியவில்லை, உட்கார்ந்தேன்.
மாமனாரின் ரத்தத்தை
நான்தான் கல்சருக்கு வைத்தேன்.
முடிவு வர ஐந்து நாள்.
அவர் மூன்றாம் நாள் போய்விட்டார்.
காரியத்துக்கு வாழையிலை எண்ணிக்கொண்டிருந்தபோது
போனில் வந்தது:
வளர்ச்சி ஏதும் இல்லை.

அப்படியே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.
எதிரில் இருந்தவருக்கும் கண் பாதிதான் திறந்திருந்தது,
தப்பாக நினைத்திருக்க மாட்டார்.

சங்கு ஊதியது.
சாக்கியராசு துடைப்பத்தைச் சாத்திவிட்டு
சைக்கிளைத் தள்ளினார்.
"குப்பை வண்டி வரும், சாக்கை வெளியே வச்சிடுங்க."

வைக்கத்தான் தூக்கினேன்.
தூக்கியது தோளோடு வந்துவிட்டது.

"என்னம்மா மூட்டை?" ஆட்டோக்காரர்.
"கொன்றை."
"கோழித் தீவனமோன்னு பார்த்தேன்."
ஜமாலியா திருப்பத்தில் குலுங்கியதில்
பக்கத்துப் பர்தாக்காரம்மா மடியில் கொஞ்சம் சிந்தியது.
அவர் தட்டிவிடவில்லை.

மூட்டைக்குப் பத்து ரூபாய் தனி.